கூண்டு நீங்கிய கோழிகள்

நாமக்கல் மாவட்டத்தில், இராசிபுரத்தை அடுத்துள்ள ஒரு சிற்றூரில் என் மகள் வாழ்கின்றாள். ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் அங்குச் சென்று சில நாள் தங்கிவருதல் என் வழக்கம். தமிழாசிரியனாய் இருந்த நாளில், விடுமுறை முடியுமுன் திரும்பவேண்டுமே என்னும் கவலை உண்டு. ஓய்வு பெற்றபின் அக்கவலையும் ஒழிந்தது. அவ்வீட்டில் மணி என்னும் நாட்டு நாயும், சாம்பல் நிறப் பூனை ஒன்றும், இரண்டு எருமைகளும் உண்டு. அவை எனக்குப் பழைய நண்பர்கள். சென்ற ஆண்டு சித்திரையில் யான் சென்றபோது, அவற்றோடு புதியோர் நால்வரும் இருக்கக் கண்டேன்.

அவை நான்கு வெள்ளைக் கோழிகள். வெள்ளை என்று சொல்லுதற்கும் தயங்கவேண்டியிருந்தது. கழுத்தில் இறகில்லை, முதுகில் பாதி இறகில்லை, சிவந்த தோல் வெளியே தெரிந்தது. கொண்டை வெளுத்து ஒருபுறம் சாய்ந்து தொங்கியது. நகங்கள் அளவுக்கு மீறி வளர்ந்து வளைந்திருந்தன. முற்றத்தின் நடுவே அவை நான்கும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. பரந்த இடம் இருந்தும், ஒரு முறத்தளவு இடத்திற்கு மேல் அவை கால் எடுத்து வைக்கவில்லை.

"இவை எங்கிருந்து வந்தன?" என்று பேத்தியைக் கேட்டேன். வயலுக்குக் கோழி எரு வாங்கத் தந்தையோடு ஒரு பண்ணைக்குச் சென்றாளாம். அங்கே முதிர்ந்த கோழிகளை இறைச்சிக்காக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தனராம். தன் உண்டியற் காசைக் கொடுத்து நான்கினை வாங்கிவந்தாளாம்.

"முட்டை குறைந்த கோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், அம்மா?" என்றேன்.

"அப்புச்சி, நீங்களுந்தான் இப்போது பள்ளிக்கூடத்திற்குப் போவதில்லை" என்றாள் அவள்.

கொங்கு நாட்டில் தாயைப் பெற்ற பாட்டனை அப்புச்சி என்று அழைப்பர். அன்பு நிறைந்த அச்சொல்லோடு வந்த விடைக்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. அன்று மாலைமுதல் அக்கோழிகளைக் கூர்ந்து நோக்கலானேன்.

பண்ணைக் கோழியின் வாழ்க்கை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நாமக்கல் வட்டாரம் முட்டைக்குப் பெயர் பெற்றது. மாணவர்களே, சத்துணவுக் கூடத்தில் உங்கள் தட்டில் வைக்கப்படும் முட்டை பெரும்பாலும் அவ்வட்டாரத்தினின்றே வருகின்றது. அங்கு வளர்க்கப்படும் கோழிகள் பெரும்பாலும் இத்தாலி நாட்டு வழிவந்த வெள்ளை லெகார்ன் இனத்தைச் சார்ந்தவை. குஞ்சாய் இருக்கும்போதே, ஒன்றையொன்று கொத்தாமைப் பொருட்டு, அவற்றின் அலகு நுனியைக் கரிப்பர். ஏறத்தாழ இருபது வாரத்தில் அவை முட்டையிடத் தொடங்கும். பகலொளியோடு விளக்கொளியும் சேர்த்து நாள்தோறும் பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டுவர். ஒளி மிகுந்தால் முட்டையும் மிகும். கம்பி வலையால் ஆன தளம் சரிவாய் இருக்கும். இட்ட முட்டை தானே உருண்டு வெளியே வந்துவிடும். கோழிக்கோ வெளியே வர வழியில்லை. ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடமேனும் வேண்டும் என 2023-ஆம் ஆண்டில் இந்திய அரசு விதி வகுத்தது. அலுவலகங்களில் எழுதப் பயன்படும் ஏ4 தாள் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர். விதித்த இடம் அத்தாளினும் சிறிது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இத்தகைய வெறுங்கூண்டுகள் 2012-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

காட்டில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக் கோழியின் மூதாதை. அது ஆண்டொன்றுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். பண்ணைக் கோழியோ ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் இடுகின்றது. ஒரு முட்டை உடலினுள் உருவாக ஒரு நாளும் சிறிது நேரமும் ஆகும். அதில் இருபது மணி நேரம் ஓடு அமைவதற்கே செல்கின்றது. ஓர் ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீவனத்திற் கிடைப்பது போதாதபோது, கோழி தன் எலும்பிலிருந்தே அதனை எடுத்து முட்டைக்குக் கொடுக்கின்றது. ஆதலின் முதிர்ந்த பண்ணைக் கோழியின் எலும்பு எளிதில் முறியும். எட்டு ஆண்டு வரையும் வாழவல்ல அப்பறவையை ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் பண்ணையார் கழித்துவிடுகின்றனர். முட்டை குறைந்தபின் தீவனச் செலவு கட்டுவதில்லை. அவர்களை மட்டும் குறைகூறுதல் முறையன்று. மலிவான முட்டை வேண்டும் என்று கேட்பவர் நாம். யானும் நாள்தோறும் ஒரு முட்டை உண்பவனே.

முதல் வாரத்திலேயே ஒரு கோழி இறந்தது. காலில் முறிவு இருந்ததென்று கால்நடை மருத்துவர் கூறினார். வண்டியில் ஏற்றும்போதோ இறக்கும்போதோ, கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியிருத்தல் கூடும். கோழியைத் தூக்குங்கால் இரு கையாலும் சிறகுகளை உடலோடு அணைத்தே தூக்கவேண்டும் என்று அவர் பேத்திக்குக் கற்பித்தார். அவள் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டாள். இறந்த கோழியை முருங்கை மரத்தடியில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம்.

எஞ்சிய மூன்றனுள் மிகவும் மெலிந்திருந்ததற்குப் பெயர் வைக்கும் பொறுப்பினை என்னிடம் அவள் ஒப்படைத்தாள். தொல்காப்பியத்தின் மரபியலில் விலங்கு, பறவைகளின் இளமைப் பெயரும், ஆண்பாற் பெயரும், பெண்பாற் பெயரும் வகுத்துரைக்கப்பட்டுள்ளன. பறவைக் குஞ்சினைப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் வழங்குதல் மரபு. பெண் கோழிக்குரிய பெயர்களுள் ஒன்று அளகு. பெண் கூகைக்கும் அப்பெயர் உண்டு. "அளகு என்று வை" என்றேன். அவளும் வைத்தாள். அண்டை வீட்டார் அதனை 'அழகு' என்றே கேட்டனர். இறகு உதிர்ந்து, தோல் சிவந்து, கொண்டை சாய்ந்து நின்ற அதனை நோக்கி, "இதுவா அழகு!" என்று நகைத்தனர். ளகர ழகர வேறுபாட்டினைத் திண்ணையில் அமர்ந்தபடியே பலமுறை விளக்கினேன். பயன் விளையவில்லை.

பத்தாம் நாள் ஒரு புதுமை நிகழ்ந்தது. வேப்ப மரத்தடியில் வெயிலால் காய்ந்த புழுதி இருந்தது. அளகு அங்குச் சென்று காலால் மண்ணைச் சீய்த்தது. பின்பு பக்கவாட்டிற் சாய்ந்து படுத்துப் புழுதியைச் சிறகால் வாரி மேலே இறைத்துக்கொண்டது. வலிப்பு வந்துவிட்டதென்று எண்ணிப் பேத்தி ஓடிவந்தாள். அஃது வலிப்பன்று, புழுதிக் குளியல். இறகுகளைக் காக்கக் கோழியின் உடலில் ஒருவகை எண்ணெய் சுரக்கின்றது. பழகிப்போன எண்ணெயையும், தோலில் ஒட்டும் பேன் முதலியவற்றையும் புழுதி நீக்கிவிடும். பிறந்த நாள் தொட்டு மண்ணையே காணாத பறவைக்கு இதனை யார் கற்பித்தனர்? ஒருவரும் இலர். கூண்டிலுள்ள கோழிகளும் வெறுங் கம்பியின்மேற் சாய்ந்து, இல்லாத புழுதியை இறைத்துக் குளிப்பதுபோற் செய்யும் என்பதனை ஆய்வாளர் கண்டுள்ளனர். அதனைப் படித்தபின் சில நாள் வரை அளகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்நினைவே வந்தது.

ஏனைய பழக்கங்களும் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றும் முற்றம் முழுவதும் மேயத் தொடங்கின. நிழலில் நீர் வைத்தோம். பழகிய முட்டைக்கோழித் தீவனத்தையே கொடுத்து, கம்பும் கீரையும் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். தனிக் கிண்ணத்தில் இடித்த கிளிஞ்சல் வைத்தோம். வேண்டிய அளவு சுண்ணாம்புச் சத்தை அவையே தேர்ந்து கொத்திக்கொள்ளும். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு மருத்துவரிடம் தடுப்பூசி போட்டோம். கோழியையோ முட்டையையோ தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். அவற்றின் எச்சத்திலுள்ள கிருமிகள் மனிதருக்கும் நோய் தரும். இவ்வொன்றில் மட்டும் என் மகள் பேத்தியிடம் கடுமையாக இருந்தாள்.

மணியை முதல் இரண்டு வாரம் கயிற்றிற் கட்டியே கோழிகளைப் பார்க்கச் செய்தோம். அது வாயூறப் பார்த்தது. பின்பு சலித்துப் பார்த்தது. பின்பு பாராமலே உறங்கிற்று. பூனை மட்டும் ஒருநாள் பதுங்கி அணுகியது. வெள்ளச்சி என்னும் கோழி திரும்பி அதன் மூக்கில் ஒரு கொத்துக் கொத்தியது. அன்று முதல் பூனை மதிலின்மேல் இருந்தே முற்றத்தைக் கடந்தது.

கோழிகளுக்குள்ளும் ஒரு முறை உண்டு. வெள்ளச்சி மற்ற இரண்டையும் கொத்தும். கொண்டையம்மாள் அளகை மட்டும் கொத்தும். அளகு ஒருவரையும் கொத்தாது. தீவனத்திற்கும் அவ்வரிசையிலேயே வரும். நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெருப் எப்பே என்பார், சிறுவராய் இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெழுதிவந்து, பின்னாளில் இவ்வரிசை முறையை ஆராய்ந்து 1921-இல் வெளியிட்டார். வீட்டுக் கோழியைப் பார்த்துக்கொண்டிருத்தல் வீண்பொழுது என்று உங்களை யாரேனும் கடிந்தால் அவர் பெயரைக் கூறுங்கள். அளகின் பங்கு குறையாதிருக்க, தீவனத்தை மூன்று இடங்களில் வைக்கலானோம்.

இந்நிலையில் கோயம்புத்தூரிலிருந்து என் மருமகனின் தமையனார் குடும்பத்தோடு வந்தார். நெருங்கிய உறவினர் வந்தால் கோழி அடித்துக் குழம்பு வைத்தல் அவ்வூர் வழக்கம். வையாவிடில் விருந்தினரை மதியாதது போலாகும். அவர் வண்டியினின்று இறங்கியதும் முற்றத்தைப் பார்த்து, "இவற்றுள் இன்றைய குழம்பு எது?" என்று நகைத்துக்கொண்டே கேட்டார். பேத்தி ஒன்றும் கூறவில்லை. கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் சென்று கோழிக் கொட்டிலின் வாயிலை அடைத்து உட்கார்ந்தாள். உணவுக்கு அழைத்தும் வரவில்லை. மகளின் முகம் வாடியது. ஒருபுறம் கணவனின் தமையன். மறுபுறம் பெற்ற மகள். யான் இடையிற் புகுந்து பேசுதல் முறையோ என்று தயங்கினேன். பெண் கொடுத்த வீட்டில் பாட்டன் சொல்லுக்கு எல்லை உண்டு.

தமையனாரே எழுந்து கொட்டிலுக்குச் சென்றார். யானும் பின்தொடர்ந்தேன்.

"பெரியப்பா, வேண்டாம்" என்றாள் அவள்.

அவர் விடை கூறாமல் குனிந்து உள்ளே பார்த்தார். மூன்று கோழிகளும் ஒரு மூலையில் தரையிற் படுத்திருந்தன. "இவை தரையிலா உறங்குகின்றன?" என்றார். ஆம் என்றாள். "கோழி உயர்ந்த இடத்தில் அடையவேண்டுமே! எங்கள் அம்மா வளர்த்தவை மாலையானால் புளிய மரத்தில் ஏறிவிடும்" என்றார். கூண்டில் உயரம் என்பது இல்லாமையால் இவை ஏற அறியா என்று யான் விளக்கினேன். கோழியின் கண் பகலில் நம் கண்ணினும் மிகுந்த நிறங்களைக் காணும்; நிறமறியும் உறுப்பு நம் கண்ணில் மூவகை, அதன் கண்ணில் நால்வகை. ஆயினும் மங்கிய ஒளியில் அதற்குப் பார்வை குன்றும். அதனால்தான் பொழுது சாயுமுன் உயரமான இடம் தேடி அடைகின்றது.

அவர் மேற்சட்டையைக் கழற்றிக் கொட்டிலின் ஓரத்தில் வைத்தார். பழைய வேலியிலிருந்து ஒரு மரக்கம்பை எடுத்துவரச் செய்து, கூர் முனைகளைச் செதுக்கி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்திற் கட்டினார். எலும்பு வலுவற்ற கோழி மிக உயரத்திலிருந்து குதித்தலாகாது என்று யான் கூறியதனால் அவ்வளவோடு நிறுத்தினார். மாலையில் கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அதன்மேல் அமர்த்தினர் இருவரும். அவை இறங்கின, மீண்டும் அமர்த்தினர். அன்றிரவு அவ்வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பும் அவித்த முட்டையும் உண்டோம். அம்முட்டைகளும் அம்மூன்றும் இட்டவையே.

ஐப்பசியில் மழை தொடங்கியபின் மீண்டும் சென்றிருந்தேன். பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை அடர்ந்திருந்தன. கொண்டைகள் சிவந்திருந்தன. இப்போது அயலாரும் மனமறிந்தே 'அழகு' என்றழைக்கின்றனர், யானும் திருத்துவதில்லை. பொழுது சாயும் நேரம் மூன்றும் வரிசையாகக் கொட்டிலுக்கு நடந்தன. வெள்ளச்சி முதலில் ஏறியது, கொண்டையம்மாள் அடுத்து. அளகு சிறிது நின்று, பின்பு ஓரத்தில் ஏறிக்கொண்டது. மணி வாயிலிற் படுத்தது.

"அளகு முட்டையிட்டு இரண்டு மாதமாயிற்று, அப்பா" என்றாள் மகள்.

யான் ஒன்றும் கூறவில்லை. கிளிஞ்சற் கிண்ணம் வெறுமையாய் இருந்தது. எடுத்து நிரப்பி வைத்தேன்.