ஐந்தருவி கொட்டுகிறதா, கொட்டுகின்றனவா?

சாரல் தொடங்கிவிட்டால், அருவிக்கு அருகே உள்ள இலஞ்சிக் கடைத்தெருவில் முதல் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான். 'ஐந்தருவி நல்லா கொட்டுதாம்' என்பார்கள். 'கொட்டுகின்றனவாம்' என்று யாரும் சொல்வதில்லை. இலக்கணப் பிடிவாதம் உள்ள தமிழாசிரியர்கூடச் சொல்லமாட்டார். ஆனால் அவரே அந்தப் பாறையை வருணித்து எழுத உட்கார்ந்தால், 'நீர் பிரிந்து ஐந்து கிளைகள் விழுகின்றன' என்றுதான் எழுதுவார். நீர் அதேதான், பாறையும் அதேதான். ஓர் இடமாக நினைத்தபோது ஒருமை வந்தது, ஐந்தாக எண்ணியபோது பன்மை வந்தது. இந்த வேறுபாட்டைப் பிசகாமல் கையாளும் அதே ஊர்ப் பிள்ளைகள், ஆங்கிலத் தேர்வில் 'ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்' என்பதற்குப் பின்னால் 'இஸ்' போடுவதா 'ஆர்' போடுவதா என்று திணறுகிறார்கள். அந்தத் திணறல் தேவையற்றது என்பது என் கட்சி. அளவுச் சொற்களுக்கு ஆங்கில வினை எப்படி இசைகிறது என்பதைப் புரிந்துகொள்ளும் கருவி பிள்ளைகளின் எழுத்துத் தமிழிலேயே இருக்கிறது. நாம்தான் அதை எடுத்துக்கொடுப்பதில்லை.

நம் பள்ளிகளில் இது விதிவிலக்குப் பட்டியலாகத்தான் போய்ச் சேருகிறது: பணம் வந்தால் ஒருமை, தூரம் வந்தால் ஒருமை, காலம் வந்தால் ஒருமை. 1930களிலிருந்து இந்தியப் பள்ளிகளை ஆண்டுவரும் ரென் அண்டு மார்ட்டின் ஆங்கில இலக்கணப் புத்தகம் இதைவிடத் தெளிவானது. ஒரு தொகையை முழுமையாகக் கருதினால் வினை ஒருமை என்று காரணத்தையும் சேர்த்தே அது சொல்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் கோனார் உரை பாணியில் உருப்போட்டது நாம். 1985இல் ராண்டால்ஃப் குவெர்க் குழுவினர் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம் இன்னும் விரிவாகப் பேசுகிறது. சொல்லின் வடிவத்துக்கு இசைவது, கருத்துக்கு இசைவது, பக்கத்தில் நிற்கும் பெயருக்கு இசைந்துவிடுவது என மூன்று இழுப்புகள் வினையின் மேல் வேலை செய்கின்றன என்பது அதன் விளக்கம். கருத்தின் இழுப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு, தேசத் துரோகத்தைப் பற்றிய பிரிவில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்பதை 'தெம்' என்று பன்மையாகச் சுட்டுகிறது. இன்று அதற்கு 'இஸ்'தான் வழக்கு. பெயர் மாறவில்லை, அதை நினைக்கும் விதம் மாறிவிட்டது.

தமிழே கருவி என்பதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், வலுவான மறுப்பு. தமிழ் அஃறிணையில் 'மூணு மாடு மேயுது' என்பதுதான் பேச்சு. இந்தக் காதை நம்பினால் பிள்ளை 'த்ரீ கௌஸ் இஸ்' என்று எழுதிவிடாதா? நிச்சயம் எழுதும். பெயர் எண்ணைக் காட்டாமல் நிற்பது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. அஃறிணை இயற்பெயர் ஒன்றா பலவா என்பதை வினைதான் காட்டும் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. நன்னூலார் அதையே பால்பகா அஃறிணைப் பெயர் என்றார். நெல்லைச் சீமையில் இடையன்குடியில் இருந்து உழைத்த கால்டுவெல்லும், 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் அஃறிணை ஒருமை வடிவம் எண்ணைச் சுட்டாமல் வருவதைக் கவனித்தார். ஆகவே பேச்சுத் தமிழ் இங்கே துணைக்கு வராது. அதனால்தான் எழுத்துத் தமிழ் என்றேன். 'மூன்று மாடுகள் மேய்ந்தன' என்று எழுதிப்பாருங்கள், இயல்பாக இருக்கிறது. 'மூன்று கோட்டை நெல் விளைந்தன' என்று எழுதிப்பாருங்கள், காது கூசுகிறது. கோட்டை இங்கே அளவு. இருபத்தொரு மரக்கால் சேர்ந்த ஒரு தொகை. 'ஐந்நூறு ரூபாய்கள் போதவில்லை' என்றாலும், 'செங்கோட்டைக்கு ஏழு கிலோமீட்டர்கள் இருக்கின்றன' என்றாலும் அதே கூச்சம். '-கள்' ஒட்டி 'அன' போட்டால் வாக்கியம் நிற்கிறதென்றால் ஆங்கிலத்தில் 'ஆர்'. நிற்க மறுத்தால் 'இஸ்'. பணமா தூரமா என்ற பட்டியலே வேண்டாம்.

உயர்திணை இன்னும் கைகொடுக்கும், ஏனென்றால் அங்கே பேச்சிலும் பன்மை தவறாது. 'பாதிப் பேர் போயிட்டாங்க', 'பாதித் தண்ணி போயிட்டுது' என்ற இரண்டையும் அருகருகே வைத்தால், 'ஹாஃப்' என்ற சொல்லுக்கு எண் கிடையாது, பின்னால் வரும் பெயர்தான் அதற்கு எண் தருகிறது என்பதை விளக்கவே வேண்டியதில்லை. தேர்வுத்தாள் விடாமல் துரத்தும் 'எ நம்பர் ஆஃப்', 'தி நம்பர் ஆஃப்' இரட்டையும் இப்படித்தான். 'மாணவர்கள் பலர் வந்தார்கள்', 'மாணவர்களின் எண்ணிக்கை கூடியது'. முதலாவதில் வந்தது ஆட்கள். இரண்டாவதில் கூடியது ஒரு கணக்கு. தமிழில் இதைத் தப்பாகச் சொல்லும் ஆறாம் வகுப்புப் பிள்ளை கிடையாது.

அப்படியானால் 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்பதற்குப் பின்னால் மட்டும் ஏன் 'ஹேவ்' வந்து உட்காருகிறது? இதற்குத் தமிழ்மேல் பழி போடுகிறவர்கள் சொல் வரிசையைப் பார்ப்பதில்லை. 'மாணவர்களில் ஒருவர் வந்தார்' என்பதில் வினையை ஒட்டி நிற்பது 'ஒருவர்'. ஆங்கிலத்தில் வினையை ஒட்டி நிற்பது 'பாய்ஸ்'. உண்மையான எழுவாய் இடது பக்கம் தள்ளி நிற்கிறது. குவெர்க் சொன்ன மூன்றாவது இழுப்பு இதுதான், ஆங்கிலேயரையும் இது சறுக்கவைக்கிறது. வாக்கியத்தைத் தமிழ் வரிசைக்குத் திருப்பிப்போட்டு யார் வந்தது என்று கேட்டாலே பிழை தெரிந்துவிடும். மாறாக, 'ஈச்' விஷயத்தில் நம் தமிழே நோய்பிடித்துக் கிடக்கிறது. 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று மேடையிலும் சுவரொட்டியிலும் கூசாமல் பயன்படுத்தும் சமூகம், ஆங்கிலத்தில் மட்டும் அதே பிழைக்கு மதிப்பெண் குறைப்பது வேடிக்கை.

கருத்தைப் பார்த்து வினை போடச் சொன்னால் திருத்துபவர் எதை வைத்து மதிப்பெண் தருவார் என்பது இன்னொரு மறுப்பு. கருத்து என்பது ஆளுக்கொரு விருப்பம் அல்ல. ஐந்நூறு ரூபாய் ஒரு கட்டணமா, தரையில் சிதறிக் கிடக்கும் ஐந்நூறு ஒற்றை நாணயங்களா என்பதைக் கேள்வியின் வாக்கியமே சொல்லிவிடும். சொல்லாவிட்டால் பிழை கேள்வி எழுதியவருடையது.

கருவிக்கு எல்லையும் உண்டு. 'மோர் தன் ஒன் ஸ்டூடன்ட்' என்பதற்குப் பின் ஆங்கிலம் 'வாஸ்' கேட்கிறது. தமிழிலோ 'ஒன்றுக்கு மேற்பட்ட மாணவர்கள்' பன்மைதான், கருத்தும் பன்மைதான். அங்கே ஆங்கிலம் கருத்தைக் கைவிட்டு வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. 'போலீஸ் வந்தது' என்றும் 'போலீசார் வந்தனர்' என்றும் நாம் எழுதலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பன்மை வினை ஒன்றுதான். இப்படி மனப்பாடம் செய்தே தீரவேண்டியவை ஒரு கைப்பிடி. வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட நாளில், 'ஃபைவ் ஃபால்ஸ் இஸ் குளோஸ்ட்' என்று அட்டையில் எழுதுவதற்கு அதில் எதுவும் தேவையில்லை.