முறைப்பையனும் மரபணுவும்

மகளுக்கு என் அண்ணன் மகனையே பேசலாம் என்றார்கள் ஆத்தா. எங்கள் காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் கோவில் பார்ப்போம். பங்காளிக்குள் கொடுக்க மாட்டோம். அம்மான் வீடு என்றால் முறைதான்.

பிளஸ் டூ படிக்கும் சின்னவன், "மரபணுவுக்குக் கோவில் தெரியாதும்மா!" என்றான்.

டி.என்.ஏ. நம் பலகார நோட்டு மாதிரியாம். ஒரு குறிப்பு ஒரு மரபணு. சுமார் 20,000 குறிப்புகள். முழு நோட்டும் ஜீனோம். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. ஒன்றில் பிழை இருந்தாலும் பல சமயம் மற்றது சமாளித்துவிடும். புருஷன், பெண்சாதி இருவரிடமும் அதே பிழை இருந்தால்தான் வம்பு. ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

அம்மான் மகனோ, சித்தப்பா மகனோ, மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொதுவாம். அக்காள் மகளைக் கட்டினால் நாலில் ஒன்று! நாம் பார்க்கும் கோவில் அப்பா வழி மட்டும்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் சின்னாத்தா சொந்தத்தில் கட்டியவர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. கிரகக் கோளாறு என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். பயமுறுத்தவில்லை, சொந்தத்தில் பிறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மகளுக்கு அவனைப் பிடிக்கும், எனக்குத் தெரியும். அதனால் பேச்சை முறிக்கவில்லை. நிச்சயத்தைத் தள்ளிவைத்து, மதுரையில் மரபணு ஆலோசனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம். மூன்று தலைமுறை வம்சாவளியை எழுதி வரச் சொன்னார்கள். ஆத்தா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்.