ஒயில் விளக்கு எரிந்தால்: அமுக்க ஆளியைப் பரிசோதித்தலும் மாற்றுதலும்

மாணவர்களே, ஒரு ஜீப் வண்டியின் திறப்பைத் திருப்பியதும் சாரதிக்கு முன்னாலுள்ள பலகையில் எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டிருப்பீர்கள். எஞ்சின் இயங்கத் தொடங்கி ஓரிரு செக்கன்களில் அது அணைந்துவிடும். இதற்குக் காரணம் கேட்டால் பலர் "ஒயில் குறைவாக இருந்தது" என எழுதுகின்றீர்கள். அது பிழை. அவ்விளக்கு காட்டுவது ஒயிலின் அளவை அன்று, ஒயிலின் அமுக்கத்தை.

உராய்வு நீக்கல் தொகுதியில், எஞ்சினின் அடியிலுள்ள தாங்கியிலிருந்து ஒயிலை உறிஞ்சி, வடியினூடாக அசையும் பாகங்களுக்கு அனுப்புவது ஒயில் பம்பி ஆகும். அந்த ஒயில் செல்லும் பாதையின் ஓரிடத்தில் திருகப்பட்டிருக்கும் சிறிய உபகரணமே அமுக்க ஆளி. அதனுள் ஒரு மென்தகடும் ஒரு வில்லும் உள்ளன. எஞ்சின் நின்றிருக்கும்போது வில் மென்தகட்டைத் தள்ளி ஆளியை மூடி வைத்திருக்கும். பற்றரியின் நேர் முனையிலிருந்து வரும் மின்னோட்டம் விளக்கு, வயர், ஆளி என்பவற்றினூடாக எஞ்சின் உடலை அடைந்து, மறை முனைக்குத் திரும்பும். ஆகவே விளக்கு எரியும். எஞ்சின் இயங்கியதும் ஒயில் மென்தகட்டை எதிர்த்திசையில் தள்ளும். ஆளி திறக்கும், விளக்கு அணையும்.

விஞ்ஞான பாடத்தில் படித்த அமுக்கம் = விசை ÷ பரப்பளவு என்பதை இங்கே பிரயோகித்துப் பாருங்கள். மென்தகட்டின் பரப்பளவு 1 சதுர சென்ரிமீற்றர் எனவும், ஆளி 30 கிலோபஸ்காலில் திறக்கும் எனவும் கொள்வோம். வில்லின் விசை 30 000 × 0.0001 = 3 நியூட்டன். ஓடும் எஞ்சினில் ஒயில் அமுக்கம் 300 கிலோபஸ்கால் எனின், மென்தகட்டில் தாக்கும் விசை 30 நியூட்டன். வில்லால் எதிர்த்து நிற்க முடியாது.

இனி, ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தால் என்ன செய்வது? ஆளி பழுதாகியிருக்கலாம். உண்மையிலேயே அமுக்கம் இல்லாமலும் இருக்கலாம். விளக்கைப் பார்த்து மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. என் மாமா ஒருவர் தமது ஜீப்பின் ஆளியைப் புதிதாக மாற்றியிருந்தார். ஒரு மாதம் செல்லவில்லை, விளக்கு மீண்டும் எரிந்தது. "இந்த ஆளியும் பழுதுதான்" என்று சொல்லி ஓட்டிக்கொண்டே போனார். மாங்குளம் தாண்டியதும் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஒயில் முழுவதும் அடியிலுள்ள திருகாணி வழியாக ஒழுகிப் போயிருந்தது. அந்த வருடத் தோட்ட வருமானம் எஞ்சினுக்கே போயிற்று. (நான் கலைப் பட்டதாரி, இப்பாடத்தில் என் ஆர்வம் அந்த ஜீப்பிலிருந்துதான் தொடங்கியது.)

ஆகவே முதலில் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். சில நிமிடங்களின் பின் அளவுக்கோலை இழுத்து ஒயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் சரியெனின், எஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் திருப்பி, ஆளியின் வயரைக் கழற்றிப் பாருங்கள். விளக்கு தொடர்ந்தும் எரிந்தால் வயர் எங்கோ உடலில் முட்டுகின்றது; ஆளியை மாற்றிப் பயனில்லை. விளக்கு அணைந்தால் வயர் சரி. ஆனால் ஆளி பழுது என்று இதைக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. நின்றிருக்கும் எஞ்சினில் நல்ல ஆளியும் மூடியேதான் இருக்கும். ஆளியைக் கழற்றி, அதே துளையில் அமுக்கமானியைப் பொருத்தி, எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி அளப்பதே உறுதியான வழி. வாசிப்பு கைநூலில் உள்ள பெறுமானத்துடன் பொருந்தினால் மட்டுமே குற்றம் ஆளியினுடையது.

மாற்றுதல் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. எஞ்சின் ஆறியபின் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். பிளக்கின் பூட்டை அழுத்தி இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுப்பவர் இன்னொரு பழுதை உண்டாக்குவார். ஆளியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின், ஆழமான சொக்கெற்றினால் இடஞ்சுழியாகத் திருப்பிக் கழற்றுங்கள். சிறிது ஒயில் வடியும். துணியொன்றைக் கீழே வையுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து புரிகளை ஒப்பிடுங்கள். புதியதைக் கையால் சில சுற்றுகள் திருகிய பின்பே சொக்கெற்றை எடுக்க வேண்டும். அலுமினியத் துளையில் புரி குறுக்காக ஏறினால் நட்டம் ஆளியின் விலையோடு நிற்காது. இறுக்கும் முறுக்கமும் சிறிதே. பல யப்பானிய வாகனங்களில் 15 நியூட்டன் மீற்றர் அளவு. ஒற்றை வயர் ஆளிக்கு புரியே புவித்தொடுப்பு ஆதலால், ஒழுக்கைத் தடுக்கும் நாடாவைத் தடிப்பாகச் சுற்றினால் சுற்று அறுந்துவிடும். பின்னர் பற்றரியை இணைத்துத் திறப்பைத் திருப்பும்போது விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் இயங்கியதும் அணைய வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஒழுக்கு உண்டா எனப் பாருங்கள்.

புதிய வாகனங்கள் பலவற்றில் ஆளிக்குப் பதிலாக மூன்று வயர் கொண்ட உணரி உண்டு. அது அமுக்கத்தை வோல்ற்றளவாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும். ஆகவே மேற்கூறிய வயர்ச் சோதனை அதற்குப் பொருந்தாது.

பயிற்சி வினா: ஒற்றை வயர் அமுக்க ஆளி உள்ள வாகனமொன்றில் திறப்பைத் திருப்பியும் ஒயில் விளக்கு எரியவில்லை. ஆளியிலிருந்து கழற்றிய வயரின் முனையை எஞ்சின் உடலில் தொட்டபோது விளக்கு எரிந்தது.
(அ) மின்குமிழ், வயர், ஆளி ஆகியவற்றுள் பழுதானது எது? காரணம் தருக.
(ஆ) இப்பழுதைத் திருத்தாமல் வாகனத்தை ஓட்டுவது, விளக்கு எந்நேரமும் எரியும் பழுதைவிட ஏன் ஆபத்தானது?