இளிச்சவாயனுக்கு வந்த மவுசு

தேர்தலைக் கேலி செய்யும் படங்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. 1971-ல் வந்த சோவின் 'முகமது பின் துக்ளக்'கில், கட்சி தாவி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கிடைத்தது. பாரசீகம் ஆட்சிமொழி ஆனது. 1994-ல் மணிவண்ணன் எடுத்த 'அமைதிப்படை'யில் ஓட்டு எண்ணிக்கை ஏற ஏற, கைகட்டிப் பவ்யமாக இருந்த சத்யராஜின் தோரணை மாறிக்கொண்டே போகுமே, அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு அடங்குவதில்லை. ஆனால் இவை இரண்டும் ஓட்டு வாங்குகிறவனின் கதைகள். ஓட்டுப் போடுகிறவனை, அதிலும் பட்டியலிலேயே இல்லாத ஒருவனை நடுவில் நிறுத்திய படம் மடோன் அஷ்வின் இயக்கிய 'மண்டேலா'. 2021 ஏப்ரல் 4-ம் தேதி விஜய் டி.வி.யில் முதலில் வந்தது. தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 6! குறும்புக்காரர்கள்தான்.

சூரங்குடி என்ற ஊர். வடக்கூர், தெற்கூர் என்று இரண்டு சாதிகள். ஊருக்குக் கட்டிய கழிப்பறையை யார் முதலில் பயன்படுத்துவது என்பதில் தொடங்குகிறது சண்டை, கழிப்பறை மிஞ்சவில்லை. பஞ்சாயத்துத் தலைவரின் இரண்டு மகன்களும் ஆளுக்கொரு பக்கம் போட்டியிடுகிறார்கள். தலைகளை எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். மிஞ்சுவது ஒரே ஓட்டு. அது மரத்தடியில் முடிவெட்டும் நாவிதருடையது. யோகி பாபு நடித்திருக்கிறார். இதுநாள்வரை இந்த ஆள் யாருக்கும் வெறும் 'இளிச்சவாயன்'. சவரமும் செய்யவேண்டும், எடுபிடி வேலையும் செய்யவேண்டும், வீட்டுக்குள் மட்டும் நுழையக்கூடாது. பணம் போட்டுவைக்கத் தபால் ஆபீஸ் போனால் பெயர் கேட்கிறார்கள். பெயர் தெரியவில்லை. அங்கே வேலை பார்க்கும் தேன்மொழி சூட்டுகிற பெயர்தான் நெல்சன் மண்டேலா. பெயர் வந்ததால் அட்டை வருகிறது; அட்டை வந்ததால் ஓட்டு வருகிறது; ஓட்டு வந்ததும் நேற்றுவரை ஏசியவர்கள் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள்.

அந்தத் தபால் ஆபீஸ் காட்சியில் என் வீட்டார் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது. உல்லாஸ்நகரில் குடியிருக்கும் தமிழனுக்குப் பெயர் படும் பாடு வாசக அன்பர்களுக்குத் தெரியாததா? இங்கே எந்தப் பாரத்திலும் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் காத்திருக்கும். நம்மிடம் இருப்பதோ ஓர் இனிஷியல். அதை விரித்து எழுதினால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். ரயில்வேயில் டிப்ளமோ எஞ்சினீயராகச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை என்னை அதிகாரிகள் அழைத்தது என் தகப்பனார் பெயரால்தான். மாயவரம் தாண்டி எங்கும் போகாத மனிதர் கர்ஜத் வரை தண்டவாளம் சோதித்திருக்கிறார்! வாக்காளர் பட்டியலில் ஒருமுறை என் மனைவியின் பெயர் ஆண் என்று அச்சாகியிருந்தது. திருத்த மூன்று முறை அலைந்தோம். இத்தனைக்கும் இந்த ஊரே 1949-ல் சிந்து மாகாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்காகப் பெயர் சூட்டப்பட்ட ஊர். வந்தேறிகளின் கஷ்டம் ஊருக்குப் புதிதல்ல. தேர்தல் நேரத்தில் மட்டும் வேட்பாளர் கைகூப்பி "வணக்கம்" என்பார். அந்த ஒரு சொல்லை யாரோ கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

ஒற்றை ஓட்டால் முடிவு மாறுவது சினிமாவில்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் மாநிலத் தலைவர் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஓட்டில். நம் மும்பையிலேயே 2017 மாநகராட்சித் தேர்தலில் 220-வது வார்டில் சிவசேனை, பா.ஜ.க. வேட்பாளர்கள் இருவரும் ஆளுக்கு 5,946 ஓட்டு. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், பா.ஜ.க. ஜெயித்தது. அந்த வார்டில் அன்று வீட்டில் தூங்கிய ஆசாமிகள் மறுநாள் பத்திரிகை படித்திருப்பார்கள் அல்லவா!

சூரங்குடியும் கற்பனை அல்ல என்பதுதான் உறுத்துகிறது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி பஞ்சாயத்துகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது 1996-ல். பத்து வருஷம் அங்கே முறையான தலைவர் உட்கார முடியவில்லை. மனுச் செய்ய ஆள் கிடையாது. ஜெயித்தவரோ உடனே ராஜினாமா. 2006-ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. இந்தச் சங்கதியை நேராகச் சொன்னால் எழுந்து போய்விடுவோம் என்று தெரிந்தே சிரிக்கவைத்துச் சொல்கிறார் இயக்குநர். சாதிப் பெயரை ஓரிடத்திலும் சொல்லாமல், வடக்கு, தெற்கு என்று திசையைச் சொல்லியே முடித்துவிட்டது சாமர்த்தியம். வசனத்துக்கும், அறிமுக இயக்குநருக்கும் தேசிய விருதுகள் 2022-ல் அறிவிக்கப்பட்டன.

குறை இல்லாமல் இல்லை. ஓட்டு ஏலத்துக்கு வந்து கோடியில் நிற்கும்வரை படம் ராஜநடை போடுகிறது. அதன்பின் மண்டேலா ஊருக்காக ஒவ்வொன்றாகக் கேட்க, ரோடும் விளக்கும் மளமளவென்று வருகின்றன. முப்பத்தெட்டு வருஷம் ஜல்லியோடும் மண்ணோடும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வேகத்தில் போட்ட ரோடு முதல் மழைக்குத் தாங்காது. ஓர் ஓட்டை வைத்து மிரட்டினால்தான் ரோடு வரும் என்றால், அடுத்த தேர்தலில் இரண்டு ஓட்டு அதிகமாகிவிட்டால் என்ன ஆகும்? படம் அந்தக் கேள்விக்குப் போகவில்லை.

ஆனாலும் பாருங்கள். குடும்பத்தோடு பார்க்கலாம். இதையே 2023-ல் தெலுங்கில் எடுத்தபோது நாவிதர் செருப்புத் தைப்பவரானார். பெயர் மார்ட்டின் லூதர் கிங். மராத்தியில் யாராவது எடுத்தால் என்ன பெயர் வைப்பார்களோ! எதுவானாலும் குடும்பப் பெயரையும் சேர்த்து யோசித்து வைக்கட்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் இங்கே பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.