குனிந்தால் நிமிர வேண்டும்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கேமரன் மலையில் மூடுபனி முழுதாக விலகியிருக்காது. ரிங்லெட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் தரையைத் துடைத்து, பாய்களை விரித்துவிட்டுக் காத்திருப்பேன். முதலில் சிரிப்புச் சத்தம் கேட்கும். பிறகு குல்லாவும் குளிர்ச்சட்டையுமாகப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். ஐந்து வயது முதல் எட்டு வயது வரை மொத்தம் பதினொரு பேர். இதுதான் எங்கள் யோகா வகுப்பு.

நான் இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இப்போது கீழே ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. பெரியவர்களுக்கான வகுப்பில் சில ஆண்டுகள் யோகா கற்றேன். அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் தவறினேன்.

முதல் நாளே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "பேசக் கூடாது, அசையக் கூடாது, குனிந்து காலைத் தொட்டு அப்படியே நில்லுங்கள்" என்றேன். கதவோரம் பேத்தியோடு வந்த ஒரு பாட்டி நின்றிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, நான் குனிஞ்ச குனி போதாதா? இவளாச்சும் நிமிந்து நிக்கட்டும்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புறோம். நீயும் குனியத்தான் சொல்லித் தர்றியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் அந்தச் சிறுமி வகுப்புக்கு வரவில்லை.

தேயிலை வேலை தெரிந்தவர்களுக்குப் பாட்டியின் கோபம் புரியும். சரிவான மலையில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, முதுகில் கூடையோடு நாள் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். பின்னாளில் கத்தரியும் இயந்திரமும் வந்தன. ஆனாலும் வலி முதுகையும் தோளையும் விட்டுப் போகவில்லை. என் அம்மா இரவில் தைலம் தேய்த்த வாசனையோடுதான் நான் பாடம் படித்தேன்.

ஒரு மாலை பாட்டியின் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. அவரிடம் ஒரு மருத்துவரின் கதையைச் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, 1913இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் அருகே ஒரு தோட்ட மருத்துவமனையைக் கவனித்துக்கொண்டு, நம் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். பின்னர் ஜொகூர் பாருவிலும் பணியாற்றிவிட்டு 1923இல் இந்தியா திரும்பினார். அவர்தான் ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கி, யோகத்தை உலகெங்கும் கொண்டு சென்றவர். அந்தச் சங்கத்தின் ஆசிரமம் நம் பத்துமலையிலும் இருக்கிறது.

"தோட்டத்து டாக்டரா?" என்று பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா பாட்டி. யோகா பட்டணத்துக்காரங்க சமாச்சாரம் மட்டும் இல்ல. குனியறது பாதிதான். நிமிர்றது மீதிப் பாதி. அந்தப் பாதிய நான் சொல்லித் தராம விட்டுட்டேன்."

அதன் பிறகு வகுப்பையே மாற்றினேன். இப்போது நிமிர்வதில்தான் தொடங்குகிறோம். கைகளை உயர்த்தி நுனிக்காலில் எழும்பி, கூரையைத் தொடப் பார்க்கிறோம். அடுத்து ஒற்றைக் காலில் மரம். பின்பு பூனை முதுகை வளைக்கும், பாம்பு தலை தூக்கும், வண்ணத்துப்பூச்சி சிறகடிக்கும், தவளை தாவும். குனிவது கடைசியில்தான் வரும். குனிந்த உடனே மெல்ல நிமிர்ந்துவிட வேண்டும்.

பெற்றோர் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சிறு பிள்ளைகளுக்கு இருபது முதல் முப்பது நிமிடமே போதும். ஒரு நிலையில் மூன்று நான்கு மூச்சுக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. மூச்சை அடக்கும் பயிற்சியும் தலைகீழாக நிற்பதும் இந்த வயதுக்கு வேண்டாம். வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொன்னால் மூச்சுப் பயிற்சி தானாக வந்துவிடும். வண்டுபோல ரீங்காரமிடுவது அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எங்கள் மலைக் குளிரில் வெறுந்தரை ஆகாது. பாயும் முதலில் உடலைச் சூடாக்கும் விளையாட்டும் அவசியம். முதுகை அழுத்தி வளைக்கிற ஆசிரியரிடமும், "அவனைப் பார், நீ ஏன் முடியவில்லை?" என்று ஒப்பிடுகிற ஆசிரியரிடமும் பிள்ளையை விடாதீர்கள். இழுப்பு போன்ற நோய் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். யோகாவை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21ஐ அனைத்துலக யோகா தினமாக அறிவித்தது. அன்று பெரிய நகரங்களின் திடல்களில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். எங்களுக்குப் பதினொரு பேர். அதுவும் எத்தனை காலத்துக்கு என்று சொல்ல முடியவில்லை. பல குடும்பங்கள் மலையிறங்கிப் பட்டணங்களுக்குப் போய்விட்டன. கொழுந்து பறிக்க வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். போகிற பிள்ளை நிமிர்ந்த முதுகோடு போகட்டும் என்பதே என் ஆசை.

அந்தச் சிறுமி மூன்றாவது வாரம் திரும்பி வந்தாள். பாட்டியும் கூடவே வந்து, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் முதுகு வலி தீர்ந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். மருத்துவமனைக்கு இன்றும் போய் வருகிறார். ஆனால் பிள்ளைகள் கைகளை உயர்த்தும்போது அவரும் உட்கார்ந்தபடியே கைகளைத் தூக்குகிறார். வலது கை முழுதாக மேலே போகாது.

போன வாரம் பேத்தி வரிசையை விட்டு ஓடி வந்து, அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டி, அவசரப்படாத. மூச்ச விடு. போதும், எறக்கிக்க" என்றாள்.

நான் இன்னும் சரியாகச் சொல்லிக் கொடுக்கப் பழகிக்கொண்டிருப்பதை அவள் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.