இரவல் பெயரில் 20,000 டாலர்

மும்பையில் பிறந்து அமெரிக்காவில் பெயர் வாங்கிய வலதுசாரி எழுத்தாளர் தினேஷ் டிசோசாவுக்கு 2012-ல் ஒரு சங்கடம். கல்லூரிக் காலத் தோழி வெண்டி லாங், நியூயார்க்கில் செனட் பதவிக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றார். உதவ ஆசை, கையில் பணமும் இருந்தது. சட்டம்தான் இடம் தரவில்லை. ஒருவர் ஒரு வேட்பாளருக்கு உட்கட்சித் தேர்தலுக்கு 2,500, பொதுத் தேர்தலுக்கு 2,500 டாலர்தான் தரலாம் என்பது அன்றைய வரம்பு. தன் பெயரிலும் மனைவி பெயரிலுமாக 10,000 டாலரை அவர் ஏற்கெனவே கொடுத்து முடித்திருந்தார்.

அடுத்து அவர் செய்ததற்கு நம் ஊரில் விளக்கவுரை தேவையில்லை. பினாமி! தெரிந்தவர்கள் இருவரைப் பிடித்தார். ஆளுக்கு 10,000 டாலர், தங்கள் பெயரிலும் வாழ்க்கைத் துணையின் பெயரிலும் கொடுக்கச் சொன்னார். கொடுத்த பணத்தை ரொக்கமாகத் திருப்பித் தந்துவிட்டார். விஷயம் தெரியாமல் வேட்பாளர் தரப்பு அந்த நான்கு பெயர்களையும் நன்கொடையாளர் கணக்கில் காட்டியது.

லாங் படுதோல்வி. எதிர்த்து நின்ற கிறிஸ்டன் கில்லிப்ராண்டுக்கு 72 சதவீத வாக்குகள்.

பணம் போனது போகட்டும், வழக்கு வந்தது. ஒபாமாவை விமர்சித்துப் படம் எடுத்ததால் பழிவாங்குகிறார்கள் என்று டிசோசா வாதாடிப் பார்த்தார். நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் ஏற்கவில்லை. 2014 மே மாதம் டிசோசா குற்றத்தை ஒப்புக்கொண்டார். 30,000 டாலர் அபராதம், ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, அதில் எட்டு மாதங்கள் இரவில் கண்காணிப்பு விடுதியில் தங்க வேண்டும் என்று தீர்ப்பானது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனித்துச் செலவு செய்யும் ‘சூப்பர் பேக்’ அமைப்புகளுக்கு 2010 முதல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். அதே 20,000 டாலரைத் தன் பெயரிலேயே அங்கே கொடுத்திருந்தால் போலீஸ் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அவரைச் சிக்கவைத்தது தொகையை விட, கணக்கில் ஏறிய பொய்ப் பெயர்கள்தான்.

அதே 2014-ல் இதே வகைக் குற்றத்தை ஒப்புக்கொண்ட இன்னொருவர், பத்மபூஷண் பெற்ற ஹோட்டல் அதிபர் சாந்த் சட்வால். இவர் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர். இரவல் பெயர்களில் கொடுத்தது 1,80,000 டாலருக்கும் மேல். சாட்சியைக் கலைக்க முயன்றதாகவும் ஒப்புக்கொண்டார். அபராதம் மட்டும் 5,00,000 டாலர்.

டிசோசாவுக்கு 2018 மே மாதம் அதிபர் டிரம்ப் பொதுமன்னிப்பு வழங்கினார். சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அமெரிக்க வேட்பாளர்கள் பலரின் இணையதளத்தில் நன்கொடை தரப் போனால், ஓர் உறுதிமொழி இருக்கும்: இது என் சொந்தப் பணம், வேறு யாரும் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை. அதை ஏற்றால்தான் பணம் போகும்.