உங்களுக்குத் தெரியுமா? படம் ஓடும், சத்தம் வராது!
பழைய 60 கால் (பின்) கொண்ட வீடியோ கேம் கேசட்டைச் செருகினால் படம் ஜோராக ஓடுகிறது. சத்தம் மட்டும் இல்லை, அல்லது கரகரக்கிறது. உடனே ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டாம். 1983-இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாமிலும், தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற அதன் நகல்கள் பலவற்றிலும், ஒலி 45-ஆம் கால் வழியே கேசட்டுக்குள் போய், 46-ஆம் கால் வழியே திரும்பிய பிறகுதான் டிவிக்குச் செல்லும். கேசட்டும் தன் பங்குக்கு இசை சேர்க்கட்டும் என்று செய்த ஏற்பாடு, கெட்டிக்காரத்தனம்தான்! திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் போன்ற கடல் பக்கத்து ஈரக்காற்றில் அந்த இரண்டு கால்களின் உலோகப் பட்டைகள் கறுத்தாலே போதும், கேம் ஊமை. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் செருகுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் களிம்பைத்தான் வளர்க்கும்.